சாமி வராத மத்தியானம்

எங்கள் வீட்டில் எல்லாரும் எப்போதும் களைத்திருந்தார்கள். அப்பா ஷிப்டினால் களைத்திருந்தார். அத்தை முட்டிவலியால். அம்மா எங்கள் எல்லாராலும். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் களைப்பு என்றால் என்னவென்று தெரியாது, அதற்காகவே தினமும் திட்டு வாங்குவேன். இப்போது ஹைதராபாத்தின் கச்சிபௌலியிலிருந்து வீடு திரும்பும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து உட்காரும்போது, அன்று வராமல் போன களைப்பெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். பஸ் நகராது. எனக்கும் அது நகர வேண்டும் என்றில்லை. அப்போதெல்லாம் அம்மாவின் நினைவு வரும்.

அதே ஊரில், மௌலா அலியில், அப்பா வேலை பார்த்த ஆலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பின்கதவைத் திறந்தால் தர்கா இருக்கும் குன்று தெரியும். அப்பாவுக்கு அப்போது பெரும்பாலும் ராத்திரி ஷிப்டு. அதனால் மற்ற வீடுகளில் பகல் என்று எதைச் சொல்வார்களோ அது எங்கள் வீட்டில் கிடையாது. குக்கர் விசில் அடிக்கும் முன்பே அம்மா கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிவிடுவாள். எனக்கும் என் சிநேகிதிக்கும் சண்டை வந்தால் சத்தமில்லாமல் கிள்ளிக்கொள்வோம், அழ வேண்டுமென்றால் வாசலுக்குப் போய் அழ வேண்டும். "அப்பா தூங்கறாரு" என்பதுதான் நான் பிழையில்லாமல் பேசிய முதல் தமிழ் வாக்கியம் என்று அத்தை சொல்வாள். மற்றதையெல்லாம் நான் ஹிந்தியிலும் தெலுங்கிலுமே பேசினேன். அத்தை அப்பாவின் அக்கா. கணவர் போனபின் எங்களோடுதான் இருந்தாள். வீடு அப்பா பேரில் இருந்தது, ஆட்சி அத்தை கையில் இருந்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் என் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மௌனத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசினார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. செகந்திராபாத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பாங்க் பரீட்சைகளை வரிசையாக எழுதி, வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார். நடுநடுவே அவருக்கு ஏதாவது ஒன்று பிடிக்கும். ஹோமியோபதி பிடித்தது. கராத்தே பிடித்தது, எங்கள் வீட்டு நாற்காலி ஒன்றின் கால் போனதோடு அது விட்டது. இந்த முறை ஊருக்கு வெளியே ஒரு முகாமுக்குப் போய், பத்து நாள் யாரோடும் பேசாமல், கண்ணை மூடி மூச்சைக் கவனித்துவிட்டு வந்திருந்தார். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, தட்டை நங்கென்று வைக்கக்கூடாது, செருப்பைத் தேய்த்து நடக்கக்கூடாது என்று அடுக்கினார். தட்டை நங்கென்று வைக்காமலே எத்தனையோ வருஷமாகக் குடித்தனம் நடத்திய அம்மா, காபி டம்ளரைச் சத்தமில்லாமல் அவர் முன்னால் வைத்தாள்.

அப்பா பாதித் தூக்கத்தில் "ஹவ்" என்றார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த அப்பாவுக்கு எதற்கும் அந்த ஒரு சொல்தான். சரி என்றாலும் ஹவ், அப்படியா என்றாலும் ஹவ், ஆளை விடு என்றாலும் ஹவ்.

அத்தைதான் விசாரித்தாள். "என்னா சாமி அங்க?"

"சாமியே கிடையாதுக்கா. புத்தர் சொன்ன வழி. அவரையும் கும்பிட வேணாம்."

"கும்பிட வேணாம்னா அப்புறம் அவர் எதுக்கு?" என்றாள் அத்தை. அதற்குமேல் அவளுக்கு அதில் அக்கறையில்லை.

அம்மா மட்டும் அடுப்படி நிலையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா குடியாத்தத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து இத்தனை வருஷத்தில் ஹைதராபாத் ஹிந்தியில் ஒரு சொல்லும் அவள் வாயில் ஒட்டியதில்லை, பேச்சே குறைவு. அன்று அவள் கேட்ட கேள்விகள் எனக்கு வேடிக்கையாக இருந்தன.

"குளிச்சிட்டுத்தான் பண்ணணுமா தம்பி?"

"வேணாம் அண்ணி."

"வெளக்கு?"

"வேணாம்."

"தூரமான நாள்ல?"

சித்தப்பா கூச்சத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, எந்த நாளிலும் பண்ணலாம், யாரும் சொல்வதை நம்பவும் வேண்டியதில்லை, நாமே உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பண்டிகை என்றால் பித்தளை தேய்த்து, விரதம் என்றால் இரட்டைச் சமையல் செய்து, சாமிக்கும் மனுஷருக்குமாகச் சேர்த்து உழைத்தவளுக்கு, எதுவுமே தேவைப்படாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது பெரிய செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு அந்த ஆசை ஒரு மாதத்தில் ஓய்ந்தது. அம்மா அதற்குள் ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

காலனிப் பள்ளி மத்தியானத்தோடு விட்டுவிடும். நான் சாப்பிட்டு, அத்தை படுத்து, அப்பாவின் குறட்டை சீரானதும், அம்மா அடுப்படி மூலையில் மணையைப் போட்டு அரிசி டிரம்முக்கு எதிரே உட்காருவாள். அரை மணி இருக்கும். கண் மூடியிருக்கும். நான் அவள் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்திருக்கிறேன். எல்லா வேலையையும் முடித்துவிட்டு யாரோ வந்து உட்கார்ந்தது போல இருக்கும் அந்த முகம். எங்கள் வீட்டில் எந்த வேலையும் எப்போதும் முடிந்ததில்லை என்பதால் எனக்கு அது புதிதாக இருந்தது.

அத்தைக்கு அது பொறுக்கவில்லை. பட்டப்பகலில் எழவு விழுந்த வீடு மாதிரி மூலையில் உட்காருவது என்ன பழக்கம் என்பாள். அம்மா உட்கார்ந்த கையோடு அவளுக்கு வெந்நீர் வேண்டியிருக்கும், தைலம் வேண்டியிருக்கும், எங்கேயோ பால் பொங்கும் வாசனை வரும். "உக்காந்து என்னத்தத்தான் பாக்கறே?" என்று ஒருநாள் கேட்டாள். "சும்மாதான்" என்றாள் அம்மா. சும்மா என்பது எங்கள் வீட்டில் ஒரு காரணமாக ஏற்கப்பட்டதே இல்லை. அரை மணி கால் மணியாகி, அதுவும் கந்தலாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆஷாட மாதம் வந்தது, கூடவே அம்மனுக்கான போனாலுப் பண்டிகை வந்தது. காலனிச் சுவருக்கு அப்பால் நெருக்கியடித்த சின்ன வீடுகளாக இருந்த பஸ்தியிலிருந்து பெண்கள் மஞ்சள் பூசிய பானைகளைத் தலையில் வைத்து அம்மனுக்குச் சோறு எடுத்துப் போவார்கள், கூடவே தப்பட்டை அதிரும். ஊரில் எந்தப் பெண்மேல் எப்போது அம்மன் இறங்குவாள் என்று சொல்ல முடியாத நாட்கள் அவை. இறங்கினால் சுற்றி நின்று வரப்போகிற மழையைக் கேட்பார்கள், விளைச்சலைக் கேட்பார்கள், சொந்தக் கஷ்டத்தையும் கேட்பார்கள்.

அந்த ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி உறைமோர் வாங்கக் கிண்ணத்தோடு பின்கதவு வழியாக வந்தார். அம்மா அவரைத் தெலுங்கில் அண்ணி என்பதுபோல வதினா என்று கூப்பிடுவாள், அதனால் எங்களுக்கு வதினா ஆன்ட்டி. வெளியே தப்பட்டை காதைப் பிளந்துகொண்டு போனது. உள்ளே அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று தலைக்குக் குளித்திருந்ததால் கூந்தல் விரிந்து கிடந்தது, முகத்தில் மஞ்சள் இருந்தது. அரிசியில் வண்டு வராமல் இருக்க டிரம்மில் போடுவதற்காகப் பறித்த வேப்பிலை மடியருகே குவிந்திருந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது ஏன் வழிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

வதினா ஆன்ட்டி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அம்மவாரு வச்சிந்தி" என்று முணுமுணுத்தார். அம்மன் வந்துவிட்டாள். அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார்.

சத்தம் கேட்டு எழுந்துவந்த அத்தை ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கண்ணைத் திறந்த அம்மா பதறிப்போய், அதெல்லாம் ஒன்றுமில்லை, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று தமிழிலும் அரைகுறைத் தெலுங்கிலும் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. சாமி வந்தவளுக்குச் சாமி வந்தது எப்படித் தெரியும் என்றாள் அத்தை. இல்லை என்று சொல்லச் சொல்ல அது உறுதியாகிக்கொண்டே போனது. நாலைந்து நாள் மறுத்துவிட்டு, மறுக்கவும் தெம்பில்லாமல் அம்மா விட்டுவிட்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அப்பா தூங்குவார் என்பதால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்கதவு வழியாக, வளையலைப் புடவையில் பொத்திக்கொண்டு வருவார்கள். வந்திருப்பது மாரியம்மன் என்று அத்தையும், எல்லம்மா என்று வதினா ஆன்ட்டியும் சமையலறையில் கிசுகிசுப்பாகவே ஒரு பெரிய சண்டை போட்டார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் மகளுக்குப் பிள்ளை உண்டாகுமா, வீட்டுக்காரருக்குப் புரமோஷன் வருமா என்று கேட்பார்கள். "எனக்குத் தெரியாதும்மா" என்பாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். அம்மன் இன்னும் சொல்லச் சித்தமாகவில்லை என்று அவர்கள் நிம்மதியாக எழுந்து போவார்கள். அந்தப் பதிலில் அப்படி என்ன நிம்மதி என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் வாழைப்பழமும் தேங்காயும் குவிந்தன என்பதுதான்.

இன்னொன்றும் நடந்தது. அத்தை மத்தியானப் பாத்திரங்களைத் தானே தேய்த்தாள். வெந்நீரைத் தானே வைத்துக்கொண்டாள். அம்மாவின் மணைக்குக் கீழே ஜமக்காளம் மடித்துப் போட்டாள். சும்மா உட்கார்ந்தபோது கிடைக்காத அரை மணி, அம்மன் கேட்டவுடன் ஒரு மணியாகக் கிடைத்தது.

எனக்கும் ஆசை வந்தது. அம்மாவுக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்றால் எனக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தேன். முட்டி அரித்தது. பசித்தது. யாரும் வரவில்லை. பொறுக்கமாட்டாமல், பெண்கள் வராத ஒருநாள் அம்மா எழுந்ததும் கேட்டேன்.

"அம்மா, அந்தர் யாரு இருக்காங்க?"

உள்ளே என்பதற்கு எனக்கு ஹிந்திதான் வாயில் வந்தது. அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் வேப்பிலையை உருவிக்கொண்டே யோசித்தாள்.

"அதத்தாண்டி நானும் பாக்கறேன். அப்பாடா, அசதியா இருக்கு, அசதியா இருக்குன்னு உள்ள ஒருத்தி சொல்லிக்கிட்டே இருக்கா. சரி, யாருடி அவன்னு திரும்பிப் பாத்தா அங்க யாரும் இல்ல. அசதி மட்டும்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் பாத்தா அதுவும் இல்ல."

எனக்குப் பயமாகிவிட்டது. அம்மன் இருந்தாலாவது பரவாயில்லை, யாருமே இல்லையென்றால் என்னைப் பள்ளிக்கு அனுப்புகிறது யார்? அன்றெல்லாம் அவள் பின்னாலேயே சுற்றி, காரணமில்லாமல் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என்னடி என்றாள். அதுவரைக்கும் சரி என்று விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது சித்தப்பா வந்தார். ஏதோ வேலையாக வந்தவர் போலப் பின்கதவில் நின்றார். கையில் தேங்காய் இருந்தது. கடைசி பாங்க் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். வயதுவரம்பு தாண்டப்போகிறது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆள் இளைத்திருந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட, அவர் வந்து மண்டிபோட்டுத் தேங்காயை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"அண்ணி, இந்தத் தடவையாச்சும் கிடைச்சிடுமா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். இவ்வளவு நாளில் யார் கேள்விக்கும் அவள் கண்ணைத் திறந்ததில்லை. அவரை வெகுநேரம் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்தது அயர்ச்சிதான்.

"நீயுமா தம்பி?" என்றாள். பிறகு, "இத எங்க கத்துக்கிட்டேன்னு இவங்களுக்குச் சொல்லு."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லு. இதுல சாமி உண்டா இல்லையான்னு நீதானே அன்னிக்குச் சொன்னே. இப்பவும் நீயே சொல்லு."

சித்தப்பா மெல்லிய குரலில், தெலுங்கில், எல்லாவற்றையும் சொன்னார். முகாம், மூச்சு, அதில் அம்மனும் இல்லை அருளும் இல்லை என்பது, தான்தான் அண்ணியிடம் சொன்னது, எல்லாம். அம்மா எவ்வளவு மறுத்தும் நம்பாதவர்கள் அவர் சொன்னதை உடனே நம்பினார்கள். சித்தப்பா கொண்டுவந்த ஒன்று தெய்வமாக இருக்க முடியாது என்பதில் காலனியில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். வதினா ஆன்ட்டி போகும்போது அம்மாவைப் பார்த்த பார்வை, எடைபோடும்போது கையும் களவுமாகப் பிடிபட்ட கடைக்காரரைப் பார்ப்பது போல இருந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள் அவர் உறைமோருக்கு வேறு வீட்டுக்குத்தான் போனார்.

கதவு சாத்தியதும் அத்தை வெடித்தாள். அதையும் கிசுகிசுப்பாகத்தான் செய்ய வேண்டியிருந்தது.

"வரலன்னா வரலன்னு எதுக்குச் சொல்லணும்? சும்மா இருந்திருந்தா ஆகாதா? பாத்திரம் தேச்சவ நான். உனக்கு என்னா கஷ்டம்?"

அத்தை சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்குக்கூடப் பட்டது. அம்மா பொய் சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும், அதில் அவள் கெட்டிக்காரி. தேங்காய் நின்றுபோகிற துக்கம் வேறு எனக்கு. ஏம்மா இப்படிப் பண்ணினே என்று கேட்டேன்.

"எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டிருந்தா நான் எதடி பாக்கறது?" என்றாள்.

சாயங்காலம் எழுந்த அப்பாவிடம் அத்தை முழுக்கதையும் ஒப்பித்தாள். அவர் பல்துலக்கியபடியே கேட்டுவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இத்தன நாள் என்னதான் பண்ணிக்கிட்டிருந்தே?"

"பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஹவ்" என்றார் அப்பா. அது எந்த ஹவ் என்று எனக்குத் தெரியவில்லை. ஷிப்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மறுநாள் பாத்திரங்கள் அம்மாவிடம் திரும்பி வந்தன. அடுத்த நாள் அவள் மணையில் உட்கார்ந்தபோது அத்தை ஒரு முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "சாமி இல்லதானே? சும்மா உக்கார்ற நேரத்துல கல்லு பொறுக்கலாம்." அம்மா கல் பொறுக்கினாள். அடுத்த நாளும் பொறுக்கினாள். பிறகு மணையைப் போடுவதே நின்றது. ஜமக்காளம் அத்தையின் முட்டிக்குக் கீழே போயிற்று. சித்தப்பாவுக்கு அந்தத் தடவை வேலை கிடைத்து நாக்பூர் போனார். அதையும் அத்தை மாரியம்மன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

மழை முடிந்த சமயம் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. ஸ்டேஷன் ரோட்டு ரேஷன் கடைக்கு வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, மத்தியானம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த வேலை அப்பாவுடையது. அம்மா, அவர் தூங்கட்டும், நான் போகிறேன் என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். அத்தைக்கே மனசு கேட்கவில்லை, வெயிலில் எதற்கு என்றாள். அம்மா டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் ஒருநாள் அவளைப் பார்த்தேன். வரிசையில் ஆட்களே இல்லை, டின்கள்தான் இருந்தன. எல்லாரும் தங்கள் டின்னை வரிசையில் வைத்துவிட்டு, எதிரே மரத்தடியில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒருத்திதான் தன் டின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், முந்தானையைத் தலையில் போட்டு, பார்வையைத் தரையில் வைத்து. பக்கத்தில் போய் நின்றும் அவள் என்னைக் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தேங்காயும் போய், மரியாதையும் போய், மரத்தடிப் பெண்கள் சேர்த்துக்கொள்ளாமல் என் அம்மா வெயிலில் நிற்கிறாள் என்று நினைத்தேன். அவள் பட்டதையெல்லாம் ஒரே நாளில் துடைத்துவிடுகிற வேகம் வந்தது. பள்ளிப் பையைக் கீழே வைத்து, டின்னின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"நான் நிக்கறேம்மா. நீ வீட்டுக்குப் போய்ப் படு. இனிமே தினம் நானே வரேன்."

அம்மா டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நக்கோ" என்றாள். வேண்டாம் என்பதற்கான அந்த ஊர்ச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "நக்கோடி கண்ணு. இது ஒண்ணாவது எனக்கு இருக்கட்டும்" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மண்ணெண்ணெயைக் கொட்டிவிடுவேன் என்று நினைக்கிறாள், என்னை இன்னும் சின்னப் பிள்ளை என்று நினைக்கிறாள் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு, ரோட்டுக் கல்லையெல்லாம் உதைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். வண்டி சீக்கிரம் வரட்டும் என்று அத்தனை பேரும் வேண்டிக்கொண்டிருந்த இடத்தில், அது இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று, மணை இல்லாமலே மூச்சைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.